ஒரு மடைக்கு இரண்டு நீர்பாய்ச்சிகள்

கணினியின் ஒரு நெட்வொர்க் இணைப்பை ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் நிர்வகிக்க வேண்டும். அந்த இணைப்புக்கு எந்த ஐபி எண், வெளியே போகும் வாசல் எது, ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணை எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது, எந்த வைஃபைக்கு எந்தக் கடவுச்சொல் என்பதையெல்லாம் முடிவுசெய்து இயங்குதளத்தின் உட்கருவிடம் ஒப்படைப்பது அந்தக் கருவியின் வேலை. லினக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் இதே வேலையைச் செய்ய நான்கைந்து கருவிகள் உண்டு. பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மேம்படுத்தும்போது, பழைய கருவி கிளம்பாமல் உட்கார்ந்திருக்க, புதிய கருவியும் வந்து சேர்ந்து, ஒரே இணைப்பின்மேல் இரண்டும் கைவைத்துவிடுவதுண்டு. மேம்படுத்தல் நல்லபடியாக முடிந்ததென்று திரை சொல்லும். கணினி மறுபடி கிளம்பியதும் இணையம் இருக்காது.

கண்மாய்ப் பாசனம் நடக்கும் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்தில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. ஒருவர் முன்னிரவில் திறந்துவிட்ட மடையை இன்னொருவர் பின்னிரவில் வந்து அடைத்துவிட்டுப் போனால் விடியும்போது வயல் காய்ந்து கிடக்கும். இன்னொன்றும் நடக்கலாம்: மற்றவர் திறந்திருப்பார் என்று இரண்டு பேரும் வீட்டில் படுத்துவிட்டால் மடை திறக்கப்படாமலே போகும். இரண்டிலும் தனித்தனியாக விசாரித்தால் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. நெட்வொர்க் கருவிகளின் மோதலும் இப்படித்தான். ஒவ்வொரு கருவியும் தனக்கு எழுதிவைத்த விதிப்படி சரியாகவே நடந்திருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்தவர் அதை எழுதிவைப்பது அவ்வளவு அவசியம்.

கருவிகள் இத்தனை ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டெபியன் இயங்குதளத்தில் நெடுங்காலமாக இருப்பது இஃப்அப்டவுன். இன்டர்ஃபேசஸ் என்ற ஒரு கோப்பில் இணைப்புகளை வரிசையாக எழுதிவைத்தால் கணினி கிளம்பும்போது அதைப் படித்து இணைப்புகளை எழுப்பும். மேசையில் நிலையாக இருக்கும் கணினிக்கும் சர்வருக்கும் அது போதும். மடிக்கணினி வந்து, காலையில் கல்லூரி வைஃபை, மாலையில் வீட்டு வைஃபை, பேருந்தில் கைபேசி ஹாட்ஸ்பாட் என்று ஒரே நாளில் மூன்று இணைப்புக்கு மாற வேண்டிய நிலை வந்தபோது அந்த முறை திணறியது. அதற்காக ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் தொடங்கியது நெட்வொர்க் மேனேஜர். திரையின் மூலையில் வைஃபை சின்னத்தைச் சொடுக்கி இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் அதன் கைவேலை. 2014இல், கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி குடும்பத்திலிருந்து நெட்வொர்க்டி வந்தது. சர்வர்களுக்கு ஏற்ற, அலங்காரமில்லாத கருவி. அதே ஆண்டில் சூசே நிறுவனம் விக்கெட் என்ற தன் சொந்தக் கருவியைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் உபுண்டு நெட்பிளானுக்கு மாறியது. நெட்பிளான் நேரடியாக மடையைத் தொடுவதில்லை; எழுதிய விவரத்தைப் படித்து நெட்வொர்க் மேனேஜரிடமோ நெட்வொர்க்டியிடமோ வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை அது. பள்ளி மாணவர்களிடம் புழங்கும் ராஸ்பெர்ரி பை சிறுகணினியின் இயங்குதளமும் 2023 அக்டோபரில், அதுவரை இருந்த டிஎச்சிபிசிடி என்ற கருவியை விட்டு நெட்வொர்க் மேனேஜருக்கு மாறியது.

இவற்றில் வீண் என்று தள்ளக்கூடியது எதுவுமில்லை. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்குப் பிறந்தது. சிக்கல், ஒரு தலைமுறைக் கருவியிலிருந்து அடுத்த தலைமுறைக் கருவிக்குக் கைமாறும் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சிக்கல் இல்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்ற பெயரின் சுருக்கம் அது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தன் எல்காட் நிறுவனத்தின் வழியாக வாங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்கு லினக்ஸ் முதன்முதலாக நுழைந்தது அந்த வழியில்தான். அதற்கு முன்பே எல்காட் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸைக் கொண்டுபோயிருந்தது. பாஸ் லினக்ஸின் அடித்தளமான டெபியனில் ஒரு கருவி மாறினால் அந்த மாற்றம் டெபியன் வழிவந்த இயங்குதளங்கள் எல்லாவற்றுக்கும் ஒருநாள் இறங்கி வரும். மேலே டெபியனில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, கீழே கடைசி மடிக்கணினி வரைக்கும் உதவும். மேலே எழுதாமல் விட்ட ஒரு மோதல், கீழே வீட்டுக்கு வீடு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாகும்.

மோதலைக் கணினியே ஏன் தடுப்பதில்லை என்ற கேள்வி நியாயமானது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருள் பொதியோடும் ஒரு விவரச்சீட்டு வரும். இந்தப் பொதி எவற்றைச் சார்ந்தது, எவற்றோடு சேர்ந்திருக்கக் கூடாது, எந்தப் பழைய பதிப்புகளைக் கெடுத்துவிடும் என்று தனித்தனி வரிகள் அதில் உண்டு. சேர்ந்திருக்கக் கூடாது என்று எழுதப்பட்ட இரண்டை நிறுவல் கருவி ஒரே கணினியில் ஏற்றவே ஏற்றாது. ஆனால் இஃப்அப்டவுனும் நெட்வொர்க் மேனேஜரும் நெட்வொர்க்டியும் ஒரே கணினியில் சேர்ந்திருக்கலாம். கேபிள் இணைப்பு ஒன்றின் பொறுப்பில், வைஃபை மற்றொன்றின் பொறுப்பில் என்று பிரித்து வைத்துப் பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடும் கணினிகள் இருக்கின்றன. மோதல் பொதிகளுக்குள் இல்லை. குறிப்பிட்ட ஒரு கணினியில், குறிப்பிட்ட ஓர் இணைப்பில், யார் எழுதிய எந்த வரி என்பதில் இருக்கிறது. விவரச்சீட்டில் இதை எழுத இடமே கிடையாது. மனிதர் மனிதருக்கு எழுதும் குறிப்பு ஒன்றுதான் அந்த இடத்தை நிரப்பும்.

ஒரு மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கிருஷ்ணன்கோவில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு மாணவர், தெரிந்தவர் சொன்னபடி இன்டர்ஃபேசஸ் கோப்பில் நான்கு வரி சேர்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்: வைஃபை அட்டையின் பெயர், ஐபி எண்ணைத் தானாகப் பெறும் டிஎச்சிபி முறை, விடுதி வைஃபையின் பெயர், கடவுச்சொல். டெபியனில் ஒரு விதி உண்டு. இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் எழுதப்பட்ட இணைப்பை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. அது இஃப்அப்டவுனின் சொத்து என்று ஒதுங்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் திரை மூலையின் வைஃபை சின்னம் வேலை செய்யவில்லை என்று தெரிந்து, இன்னொரு நண்பர் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, நிர்வகிக்காதே என்றிருந்த ஒரு சொல்லை நிர்வகி என்று மாற்றிக் கொடுத்தார். சின்னம் உயிர்பெற்றது. படிப்பு முடிந்து கணினி சுந்தரபாண்டியத்து வீட்டுக்கு வந்தது. நான்கு வரியும் அப்படியே இருக்கின்றன. மாற்றிய ஒரு சொல்லும் இருக்கிறது. இரண்டையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மேம்படுத்தல். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கும். இந்த அமைப்புக் கோப்பு கையால் மாற்றப்பட்டிருக்கிறது, புதிய பதிப்போடு வரும் கோப்பும் மாறியிருக்கிறது, எதை வைத்துக்கொள்வது? ஒய் அல்லது ஐ அழுத்தினால் புதியது. என் அல்லது ஓ அழுத்தினால் பழையது. டி அழுத்தினால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். புதியதுதானே நல்லது என்று ஒய் அழுத்துவது இயல்பு. அந்த ஒரு விசையில், நண்பர் மாற்றிய சொல் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. கணினி மறுபடி கிளம்பும்போது நெட்வொர்க் மேனேஜர் வைஃபையைப் பார்த்து, இது இஃப்அப்டவுனுடையது என்று விலகுகிறது. இஃப்அப்டவுன் எங்கோ இருக்கும் விடுதி வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கிறது. வீட்டு வைஃபை இரண்டடி தூரத்தில் விளக்கு எரிய நிற்கிறது. அதைக் கவனிக்க ஆளில்லை.

இந்த நிலையில் நெட்வொர்க் மேனேஜரின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐயிடம் கருவிகளின் நிலையைக் கேட்டால், வைஃபைக்கு நேரே அன்மேனேஜ்டு என்று வரும். நோயைச் சொல்லும் சொல் அதுதான். வைஃபை அட்டை பழுதில்லை, டிரைவர் போகவில்லை, கடவுச்சொல் தவறில்லை; பொறுப்பாளர்தான் இல்லை. மருந்தும் சின்னதுதான். இன்டர்ஃபேசஸ் கோப்பைப் படியெடுத்து வைத்துவிட்டு, அந்த நான்கு வரிகளின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு, நெட்வொர்க் மேனேஜரை மறுபடி தொடங்கினால் வைஃபை வந்துவிடும். அதுவரைக்கும் அவசரத்துக்குக் கைபேசியை யுஎஸ்பி வடத்தில் மாட்டி இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். கைபேசி கணினிக்குப் புது இணைப்பாகத் தெரியும்; இன்டர்ஃபேசஸ் கோப்பில் அதன் பெயர் கிடையாது என்பதால் நெட்வொர்க் மேனேஜர் தயங்காமல் எடுத்துக்கொள்ளும். மோதல் கணினி முழுவதற்கும் ஆனதில்லை, ஓர் இணைப்புக்கு மட்டுமே ஆனது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த விதி ரகசியமே இல்லை என்பது. நெட்வொர்க் மேனேஜர் பொதியோடு வரும் ரீட்மீ.டெபியன் என்ற சிறு கோப்பில் இது விளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பு கணினியின் வட்டிலேயே, ஒவ்வொரு பொதிக்கும் ஒதுக்கிய ஆவண அடைவில் இருக்கிறது. இணையம் இல்லாமலே படிக்கலாம். இந்த இடம்தான் நெட்வொர்க் பற்றிய ஆவணத்துக்கு உயிர். மற்றக் கோளாறு எதுவானாலும் தீர்வை இணையத்தில் தேடலாம். நெட்வொர்க் கோளாறில் தீர்வு அறுந்த கம்பியின் மறுபக்கத்தில் கிடக்கிறது. ஆகவே இந்தக் குறிப்புகள் வட்டிலோ பென் டிரைவிலோ காகிதத்திலோ முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மோதலின் இரண்டாவது களம் டிஎன்எஸ். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் சர்வர் எது என்பது ரிசால்வ்.கான்ஃப் என்ற ஒரே ஒரு சிறு கோப்பில் எழுதப்படும். நெட்வொர்க் மேனேஜர், டிஎச்சிபி கருவி, விபிஎன் மென்பொருள், சிஸ்டம்டி-ரிசால்வ்டி என்று அதில் எழுத விரும்புகிறவர்கள் பலர். கடைசியாக எழுதியவர் சொல்லே நிற்கும். இணைப்பு இருக்கும், ஐபி எண் இருக்கும், எண்ணைக் கொடுத்தால் பதில் வரும், பெயரைக் கொடுத்தால் மட்டும் வராது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 இதற்கு நல்ல உதாரணம். அதுவரை சிஸ்டம்டி பொதிக்குள்ளேயே இருந்த ரிசால்வ்டி அந்தப் பதிப்பில் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டது. மேம்படுத்தும்போது அந்தத் தனிப் பொதி தானாக நிறுவப்படாது. ரிசால்வ்டியைப் பயன்படுத்திவந்தவர்கள் மேம்படுத்தி முடித்ததும் அதைக் கையால் நிறுவ வேண்டும், நிறுவும் வரை டிஎன்எஸ் வேலை செய்யாமல் போகலாம் என்று அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுவுவதற்கு இணையம் வேண்டும். இணையத்தில் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும். குறிப்பை முன்னமே படித்தவர் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் தற்காலிகமாகப் புதிதாக உருவாக்கி, ஒரு டிஎன்எஸ் எண்ணை எழுதி, இரண்டு நிமிடத்தில் கடந்துபோவார். படிக்காதவருக்கு ஒருநாள் போய்விடும்.

மூன்றாவது, இணைப்பின் பெயரே மாறிப்போவது. முன்பு கேபிள் இணைப்புக்கு ஈத்0, வைஃபைக்கு டபிள்யூலேன்0 என்று பெயர். கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டை இருந்தால் எது 0, எது 1 என்பது ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மாறக்கூடும் என்பதால், அட்டை செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் முறை வந்தது. இஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பிசிஐ தடத்தின் 0ஆம் செருகியில் இருக்கும் ஈதர்நெட் அட்டை. 2017இல் வந்த டெபியன் 9 இந்த முறைக்குப் போனது. மேம்படுத்திய பழைய கணினிகளில் பழைய பெயரைப் பிடித்துவைத்திருந்த விதிக்கோப்பை 2019இன் டெபியன் 10 அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. இன்டர்ஃபேசஸ் கோப்பு ஈத்0 என்று சொல்ல, கணினியில் அந்தப் பெயரில் எதுவுமே இல்லாத நிலை வரலாம். வீட்டில் இது எரிச்சல். ராஜபாளையத்து ஆலை அலுவலகத்தில் இருக்கும் சர்வரைச் சென்னையில் உட்கார்ந்து மேம்படுத்துகிறவருக்கு, தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டும் கதை. டெபியன் வெளியீட்டுக் குறிப்புகள் தொலைவிலிருந்து மேம்படுத்துவோருக்கென்றே எச்சரிக்கைகள் வைத்திருக்கின்றன: இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி ஸ்கிரீன் போன்ற கருவிக்குள் அதை ஓட்டவேண்டும், விபிஎன் வழியாக வருகிறவர்கள் அந்த விபிஎன் நடுவழியில் நின்றுபோகலாம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆவணம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இரண்டு இயங்குதளங்கள் காட்டிய வழி பாராட்டத்தக்கது. உபுண்டு நெட்பிளானுக்கு மாறியபோது, புதிதாக நிறுவிய கணினியில் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பின் இடத்தில் சில வரிக் குறிப்பு மட்டும் வைத்தது. இஃப்அப்டவுனுக்குப் பதில் இங்கே நெட்பிளான் இருக்கிறது, அமைப்புகள் இன்ன அடைவில் இருக்கின்றன, பழையதே வேண்டுமானால் இப்படித் திரும்பலாம் என்பது அதன் சாரம். இருபது வருடப் பழக்கத்தில் கை எங்கே போகுமோ அங்கேயே பதில் காத்திருந்தது. ரெட் ஹேட்டும் இதையே செய்தது. அதன் இயங்குதளத்தின் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகள் 8ஆம் பதிப்பில் கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்து, 9ஆம் பதிப்பில் நீக்கப்பட்டன. அந்தப் பழைய அடைவில் ஒரு ரீட்மீ கோப்பு மட்டும் இருக்கும்; இணைப்பு விவரங்கள் இப்போது எந்த வடிவில், எந்த இடத்தில் சேமிக்கப்படுகின்றன என்று அது சொல்லும். சூசே இன்னும் ஒரு படி முன்னால், தன் யாஸ்ட் அமைப்புக் கருவியில் நேரடியாகக் கேள்வியே வைத்திருந்தது: நெட்வொர்க்கை நிர்வகிப்பது நெட்வொர்க் மேனேஜரா, வழக்கமான முறையா? பொறுப்பாளர் யார் என்று உரிமையாளரையே கேட்டுவிட்டால் பாதி மோதலுக்கு இடமில்லாமல் போகிறது. நூறு பக்கக் கையேட்டைவிட, தேடிப் போகும் கோப்பிலேயே இருக்கும் நான்கு வரி மேலானது.

மோதலை எதிர்கொண்டவர் என்ன எழுத வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. வேலை மேம்படுத்தலுக்கு முன்பே தொடங்குகிறது. எந்தக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, இணைப்புகளின் பெயர் என்ன, ஐபி எண் என்ன, ரிசால்வ்.கான்ஃபில் இருப்பது என்ன, நிறுவியிருக்கும் பொதிகள் எவை என்று ஒரு படி எடுத்துவைக்க வேண்டும். பின்னால் ஒப்பிட முன்னால் இருந்தது வேண்டுமே. மேம்படுத்தும்போது திரையில் ஓடுவது முழுவதையும் ஒரு கோப்பில் பதிவுசெய்ய ஸ்கிரிப்ட் என்ற சிறு கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும்படி டெபியன் வெளியீட்டுக் குறிப்பே அழுத்திச் சொல்கிறது. அதைச் செய்யத் தவறியவருக்கும் வழி அடைபடவில்லை. டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி தன் பதிவுகளில் எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனது என்பதையும், நடுவில் கேட்ட கேள்விகளையும் எழுதிவைக்கிறது. ஒய் அழுத்திப் போன பழைய அமைப்புக் கோப்புகூட அழிவதில்லை. பெயரின் கடைசியில் டிபிகேஜி-ஓல்டு என்ற ஒட்டோடு அதே அடைவில் கிடக்கும். புதியதையும் அதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் நடந்தது புரியும்.

நெட் வரவில்லை என்பது புகார், ஆவணமாகாது. மேலே சொன்ன மடிக்கணினிக்கு ஆவணம் இப்படி இருக்கும்: டெபியன் 11இலிருந்து 12க்கு மேம்படுத்தப்பட்டது. முன்பு வைஃபையை நெட்வொர்க் மேனேஜர் நிர்வகித்தது. இன்டர்ஃபேசஸ் கோப்பில் அதே வைஃபைக்கு நான்கு வரி இருந்தது. மேம்படுத்தும்போது நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பு பற்றிய கேள்விக்குப் புதியதே வேண்டும் என்று பதில் தரப்பட்டது. கணினி மறுபடி கிளம்பியதும் வைஃபை அன்மேனேஜ்டு என்று காட்டியது. கைபேசி யுஎஸ்பி இணைப்பு மட்டும் வேலை செய்தது. நான்கு வரியையும் விலக்கி, நெட்வொர்க் மேனேஜரை மறுபடி தொடங்கியதும் சரியானது. இரண்டு பொதிகளின் பதிப்பு எண்கள் இவை. இவ்வளவுதான். எதிர்பார்த்தது, செய்தது, கண்டது, சரிசெய்தது என்று நாலும் இருக்கின்றன. இதைப் படிக்கும் இன்னொருவர் தன் கணினியில் இதே கோளாறா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எழுதும்போது பிழைச்செய்தியை மொழிபெயர்க்கக் கூடாது. திரையில் வந்த ஆங்கில எழுத்து, புள்ளி, எண் உட்பட அப்படியே இருக்க வேண்டும். தேடுகிறவர் அதைத்தான் தேடுவார். விளக்கம் தமிழில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புக் கோப்புகளிலும் வைஃபை கடவுச்சொல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். பிறருக்கு அனுப்பும் முன் அதை மறைத்துவிட வேண்டும்.

அனுப்புவதற்கும் இடம் உண்டு. டெபியனின் பிழைப்பதிவேட்டில் ஒவ்வொரு பொதிக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. புகாரின் கடுமையைச் சாதாரண விருப்பத்திலிருந்து மிகக் கடுமையானது வரை படிப்படியாகக் குறிக்கலாம். மோதலில் குற்றவாளிப் பொதி எதுவென்று சொல்ல முடியாத சங்கடம் வரும். அதற்காகவே அப்கிரேடு-ரிப்போர்ட்ஸ் என்ற பெயரில், உண்மையில் மென்பொருள் எதுவும் இல்லாத ஒரு போலிப் பொதி அந்தப் பதிவேட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. எதன்மேல் சொல்வதென்று தெரியாத மேம்படுத்தல் அனுபவங்களை அதன் பேரில் எழுதலாம். வெளியீட்டுக் குறிப்புகளுக்கும் அதேபோல ஒரு தனிப்பெயர் உண்டு; இந்த மோதலைக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று கருதுகிறவர் அதன் பேரில் எழுதலாம். பயனர் ஒருவர் எழுதியனுப்பும் அறிக்கையிலிருந்து, அடுத்த பதிப்பை மேம்படுத்துகிற எல்லோரும் படிக்கும் ஒரு வரி பிறக்க முடியும்.

தமிழில் இந்த வேலைக்குக் களம் இருக்கிறது. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை என்று ஊர்வாரியாக லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அறிமுகக் கட்டுரைகளும் கற்றுக்கொடுக்கும் தொடர்களும் தமிழில் நிறைய வந்துவிட்டன. குறைவாக இருப்பது இந்த வகை: இன்ன பதிப்பிலிருந்து இன்ன பதிப்புக்குப் போனபோது இன்ன கோப்பில் இன்ன வரி இடித்தது என்ற சின்னச் சின்ன நேரடிக் குறிப்புகள். பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், கூட்டுறவுச் சங்கத்தில் கணினியைக் கவனிக்கும் பணியாளர், தெருவில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஆகியோரிடம் இந்த அனுபவம் ஏராளமாக இருக்கிறது. அது வாய்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது.

டெபியன் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது. 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. 12ஆம் பதிப்புக்கான நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் 30 அன்று முடிகிறது. அந்தத் தேதிக்குள் 12இல் ஓடும் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு மேம்படுத்தலைக் கடந்தாக வேண்டும். அதைத் தொடங்குகிற நாளில் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். முதல் பக்கத்தில், இன்றைக்கு இந்தக் கணினியின் நெட்வொர்க்கை நிர்வகிப்பது எந்தக் கருவி என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.